கிரீன் டே

கிரீன் டே ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பங்க் ராக் இசைக்குழு ஆகும். பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், மைக் டர்ன்ட் ஆகியோரால் 1987-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரைப் பகுதியில் தொடங்கப்பட்டது. பங்க் இசையின் வேகத்தையும் முரட்டு ஒலியையும் எளிதில் மனத்தில் பதியும் மெட்டுகளோடு இணைக்கும் பாப் பங்க் என்னும் இசைவகையை 1990களில் உலகெங்கும் பரவச் செய்த குழுக்களுள் இது முதன்மையானது.

தொடக்கம்

பள்ளித் தோழர்களான ஆம்ஸ்ட்ராங்கும் டர்ன்டும் ஏறத்தாழ பதினைந்து வயதில் "ஸ்வீட் சில்ட்ரன்" என்ற பெயரில் இக்குழுவைத் தொடங்கினர். 1989-இல் பெயர் கிரீன் டே என மாற்றப்பட்டது. பெர்க்லி நகரில் தன்னார்வலர்களால் நடத்தப்படும் 924 கில்மன் தெரு அரங்கம் இவர்களது பயிற்சிக்களமாக அமைந்தது. லுக்கவுட் என்னும் சிறிய இசை நிறுவனம் இவர்களின் முதல் இசைத்தொகுப்பான "39/ஸ்மூத்"தை 1990-இல் வெளியிட்டது. அதே ஆண்டில் டிரம்ஸ் கலைஞர் ஜான் கிஃப்மெயருக்குப் பதிலாக ட்ரே கூல் குழுவில் இணைந்தார். இதன் பின்னர் வந்த "கெர்ப்ளங்க்" இசைத்தொகுப்பின் வரவேற்பு பெரிய நிறுவனங்களின் கவனத்தை ஈர்த்தது.

டூக்கியும் கில்மன் தெருவின் தடையும்

1993-இல் குழு ரிப்ரீஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. பெரும் நிறுவனங்களைச் சார்ந்த குழுக்களுக்கு இடமளிப்பதில்லை என்பது அப்போது கில்மன் அரங்கின் கொள்கையாக இருந்தது. எனவே தம்மை வளர்த்த மேடையிலேயே இவர்களால் இசைக்க இயலாமற் போனது. பணத்திற்காகக் கொள்கையை விற்றுவிட்டார்கள் என்று பழைய இரசிகர்கள் பலர் கடிந்தனர். வணிக நிறுவனங்களைச் சாராது இயங்குவதைப் பெருமையாகக் கொண்ட பங்க் சமூகத்தில் இது கடுமையான குற்றச்சாட்டாகும்.

ராப் கவலோவின் தயாரிப்பில் 1994 பெப்ரவரியில் வெளிவந்த "டூக்கி", சலிப்பு, மனப்பதற்றம் போன்ற இளையோரின் உணர்வுகளை நகைச்சுவை கலந்து பாடியது. அவ்வாண்டு ஆகத்து மாதம் நடைபெற்ற உட்ஸ்டாக் விழாவில் குழுவினரும் பார்வையாளர்களும் ஒருவர் மேல் ஒருவர் சேற்றை வாரி எறிந்தது தொலைக்காட்சி வழியாகப் பரவியது. இத்தொகுப்பு 1995-இல் சிறந்த மாற்று இசைக்கான கிராமி விருதைப் பெற்றது. 1999-இல் ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் படிகளுக்கான சான்றிதழைப் பெற்றது.

அடுத்து வந்த "இன்சோம்னியாக்" (1995) இருண்டதும் கடினமானதுமான ஒலியைக் கொண்டது. அதிலுள்ள "86" என்னும் பாடல் கில்மன் தெருவிலிருந்து ஒதுக்கப்பட்ட அனுபவத்தைப் பற்றியது.

இசைநடை மாற்றம்

தொடக்ககாலப் பாடல்கள் பெரும்பாலும் மூன்று நிமிடங்களுக்குட்பட்டவை. சில சுருதிக்கூட்டுகளையே கொண்டு விரைவாக இசைக்கப்பட்டவை. "நிம்ராட்" (1997) இந்த எல்லையை விரித்தது. அதில் இடம்பெற்ற "குட் ரிடன்ஸ்" மின்பெருக்கியற்ற கிட்டாருடன் தந்தி வாத்தியங்கள் சேர்ந்த மென்மையான பாடலாகும். காதல் முறிவின் கசப்பில் எழுதப்பட்ட அப்பாடல், அமெரிக்கப் பள்ளிகளில் பட்டமளிப்பு விழாப் பாடலாக மாறியது. "வார்னிங்" (2000) நாட்டார் இசையின் சாயலை மேலும் கூட்டியது. எனினும் முந்தைய தொகுப்புகளை விடக் குறைவாகவே விற்பனையானது.

அமெரிக்கன் இடியட்

பின்னர் குழு "சிகரெட்ஸ் அன்ட் வாலன்டைன்ஸ்" என்ற தொகுப்பைப் பதிவு செய்தது. வேலை முடிவடையும் தறுவாயில் அதன் மூல ஒலிநாடாக்கள் திருடப்பட்டன. இழந்தவற்றை மீண்டும் பதிவு செய்வதைக் கைவிட்டு, முற்றிலும் புதியதொன்றைத் தொடங்கக் குழுவினர் முடிவு செய்தனர். அதன் விளைவே 2004 செப்டம்பரில் வெளிவந்த "அமெரிக்கன் இடியட்" ஆகும்.

இது தொடர்கதையாக அமைந்த ராக் இசைநாடகம். ஈராக் போர்க்காலத்து அமெரிக்காவில், தன் புறநகர் வாழ்வை வெறுத்து வெளியேறும் இளைஞன் ஒருவனைப் பற்றியது. அதில் ஐந்து பகுதிகளைக் கொண்ட "ஜீசஸ் ஆஃப் சபர்பியா" ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. "வேக் மீ அப் வென் செப்டம்பர் என்ட்ஸ்" ஆம்ஸ்ட்ராங் தமது பத்தாம் வயதில் இழந்த தந்தையை நினைவுகூர்வது. இத்தொகுப்பு அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் அறிமுகமானது. 2005-இல் சிறந்த ராக் இசைத்தொகுப்புக்கான கிராமி விருதையும் வென்றது. 2010-இல் பிராட்வே மேடையிலும் இசைநாடகமாக அரங்கேறியது.

பிற்காலம்

"டுவென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி பிரேக்டவுன்" (2009) இதே கதைசொல்லும் முறையைத் தொடர்ந்தது. 2012-இல் அடுத்தடுத்து மூன்று தொகுப்புகள் வெளியாயின. "ரெவல்யூஷன் ரேடியோ" (2016), "ஃபாதர் ஆஃப் ஆல்" (2020), "சேவியர்ஸ்" (2024) ஆகியன பின்னர் வந்தவை.

2015 ஏப்ரலில் இக்குழு ராக் அன்ட் ரோல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. அடுத்த மாதமே, நிதி திரட்டும் நிகழ்ச்சியொன்றிற்காக, கில்மன் தெரு அரங்கின் மேடையில் மீண்டும் இசைத்தது.

உறுப்பினர்கள்

பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் - பாடகர், கிட்டார்
மைக் டர்ன்ட் - பேஸ் கிட்டார், துணைக்குரல்
ட்ரே கூல் - டிரம்ஸ் (1990 முதல்)
ஜான் கிஃப்மெயர் - டிரம்ஸ் (1990 வரை)