புலம்பெயர்ந்தோரின் குரல்: ஹ்மொங் மக்களின் வானொலி பற்றிய சில குறிப்புகள்

வெகுசனத் தொடர்புச் சாதனங்களின் வரலாற்றை எழுதுவோர் பொதுவாக அச்சிலிருந்து தொடங்கி, பத்திரிகையையும் நாவலையும் கடந்து வானொலியை வந்தடைவர். ஐரோப்பிய முதலாளித்துவ வளர்ச்சியை அளவுகோலாகக் கொண்ட இவ்வொழுங்கு எல்லா மக்களுக்கும் பொருந்துவதன்று. எழுத்து வழக்கு வேரூன்றுமுன்னரே வானொலி வந்து சேர்ந்த சமூகங்கள் உள. தென்கிழக்காசிய மலைவாழ் மக்களாகிய ஹ்மொங் இனத்தவர் அத்தகையோர். அவர்களது மொழிக்கு உரோம எழுத்து முறையொன்று லாவோஸில் மிஷனரிமாரால் 1950களின் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டது. தொனி வேறுபாட்டாற் பொருள் வேறுபடும் அம்மொழியில், தொனிகளைச் சொல்லிறுதி மெய்யெழுத்துக்களாற் குறிப்பது அம்முறையின் சிறப்பு. எனினும் பெரும்பான்மையோருக்கு எழுத்து எட்டாப் பொருளாகவே இருந்தது. அவர்தம் இலக்கியம் பாடலிலும் சடங்கிலும் வாழ்ந்தது. மரணச் சடங்கில் ஊதப்படும் கெங் என்னும் மூங்கிற் கருவியின் இசைகூடத் தொனிவழிச் சொற்களாகவே கேட்கப்படுவது.

இம்மக்களைப் பற்றி முற்போக்காளர் அதிகம் எழுதியதில்லை. எழுதியவிடத்தும் 'சி.ஐ.ஏ.யின் கூலிப்படை' என்ற ஒற்றைத் தொடரோடு அமைந்துவிடுவதுண்டு. இது வரலாற்றுப் பார்வையாகாது. பிரெஞ்சு ஆட்சியில், 1930களின் இறுதியில், நொங் ஹெத் பிரதேசத்தின் நிர்வாகப் பதவியொன்று தொடர்பாக இரு குலத்தாரிடையே எழுந்த போட்டி, பின்னர் அரசியற் பிளவாயிற்று. தூபி லிஃபுங் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்றார். ஃபேதாங் லோப்லியாயாவ் வியட் மின்னோடும் பின்னர் பத்தெற் லாவோவோடும் இணைந்தார். ஹ்மொங் மக்கள் இரு பக்கத்திலும் போரிட்டனர், இரு பக்கத்திலும் மடிந்தனர். கூலிப்படை என்ற சொல் இப்பிளவையும், அதற்குப் பின்னணியான குடியேற்ற ஆட்சியையும் அபின் வணிகத்தையும் ஒருங்கே மறைத்துவிடுகிறது.

1961 முதல் வாங் பாவோவின் தலைமையில் சி.ஐ.ஏ. திரட்டிய படைக்கு லொங் தியெங் தலைமையிடமாயிற்று. அங்கு அமெரிக்க ஆதரவுடன் ஹ்மொங் மொழியில் ஒலிபரப்பிய நிலையமொன்றும் இயங்கியது. சாலையோ அஞ்சலோ இல்லாத மலைக்கிராமங்களைத் தம் மொழியிலேயே பேசி ஓரணியிற் திரட்டுவது அதன் நோக்கம். போரிலோ வானொலி இன்னும் நேரடியான பணி செய்தது. ஆங்கிலம் சிறிது கற்ற ஹ்மொங் இளைஞர், சிறு விமானங்களின் பின்னிருக்கையில் அமர்ந்து, தரையிலிருந்து தம்மவர் தம் மொழியில் அனுப்பிய தகவல்களை அமெரிக்க விமானிகளுக்கு மொழிபெயர்த்தனர். குண்டு எங்கே விழவேண்டும் என்பதை அக்குரல்கள் சுட்டின. 1964 தொடக்கம் 1973 வரை லாவோஸ்மீது வீசப்பட்ட குண்டுகள் 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்டவை. தாய்மொழி மின்னலைகளில் ஏறியதை மொழி வளர்ச்சியின் படிக்கல்லாக மட்டும் கொண்டாட முற்படுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். அல்ஜீரியரின் வானொலியைப் பற்றி 1959இல் எழுதிய ஃபானொன், அந்நியனின் கருவியாகப் புறக்கணிக்கப்பட்ட சாதனம் விடுதலைப் போராட்டத்தின் குரலாக மாறிய விதத்தை விளக்குவார். ஹ்மொங் மக்களிடையே அந்த மாற்றம் நிகழவில்லை. சாதனம் அவர்கள் கைக்கு வருமுன் அவர்கள் நாடிழந்தனர்.

1975 மே மாதத்தில் லொங் தியெங் வீழ்ச்சியுற்றது. படைத்தலைவரும் ஒரு சிலரும் விமானத்திற் சென்றனர். ஏனையோர் நடந்து சென்று மேக்கொங் நதியைக் கடக்க முயன்றனர். பலர் ஆற்றிலேயே மாண்டனர். தாய்லாந்தின் பான் வினாய் முகாமில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தோருக்கும் அமெரிக்கா சென்றோருக்கும் இடையே ஒலிநாடாக்கள் கடிதங்களாகச் சென்றுவந்தன. எழுதத் தெரியாத தாய் தன் மகனுக்குப் பேசி அனுப்பினாள். பிரிவைப் பாடலாகப் பாடி அனுப்பியோரும் உண்டு. புலம்பெயர்ந்தோர் வானொலியின் உண்மையான முன்னோடி லொங் தியெங் நிலையமன்று, இவ்வொலிநாடாவே என்பது என் கருத்து.

அமெரிக்காவில் அகதிகள் பல நகரங்களுக்குச் சிறு சிறு தொகையினராகப் பிரித்தனுப்பப்பட்டனர். குலத் தொடர்பை அடிப்படையாகக் கொண்ட மக்களுக்கு இது தாங்கொணாததாயிற்று. அவர்கள் தாமாகவே இடம்பெயர்ந்து கலிபோர்னியாவின் பிரெஸ்னோவிலும் மினசோட்டாவின் சென் போல் நகரிலும் விஸ்கொன்சினிலும் திரண்டனர். 2010 குடிசன மதிப்பீட்டின்போது ஐக்கிய அமெரிக்காவில் அவர்கள் தொகை ஏறக்குறைய 2,60,000. இத்திரட்சியின் பின்னரே வானொலிக்குச் சமூகத்தளம் உருவாயிற்று. மினியாப்பொலிஸில் 1978இல் தொடங்கிய கே.எஃப்.ஏ.ஐ. என்னும் சமுதாய வானொலியும், பிரெஸ்னோவில் மெக்சிக்கோ வழிவந்தோர் விவசாயத் தொழிலாளருக்கென 1980இல் ஒலிபரப்பத் தொடங்கிய 'ரேடியோ பிலிங்குவே'யும் ஹ்மொங் நிகழ்ச்சிகளுக்கு இடமளித்தன. வயல்களிற் கூலிக்குழைத்தோரின் நிலையம், சி.ஐ.ஏ. போரில் தோற்ற அகதிகளுக்கு ஒலிவாங்கியை நீட்டியது சிறு செய்தியன்று.

ஆயினும் பெரும்பகுதி ஒலிபரப்பு வேறு வழியிலேயே வளர்ந்தது. வலுக்குறைந்த மத்திய அலை நிலையங்களிடம் மணிக்கணக்கில் நேரத்தை விலைக்கு வாங்கி, அந்நேரத்தை விளம்பரங்களாகத் துண்டு துண்டாக விற்று ஈடுசெய்யும் முறை அது. செய்தி, மரண அறிவித்தல், பாட்டு, நோய் பற்றிய அறிவுரை யாவும் இந்நேரத்துள் அடங்கவேண்டும். நேரம் பண்டமாகியவுடன், அதனை வாங்கவல்லோர் சமூகத்தின் குரலாகினர். வணிகர், குலத்தலைவர், முன்னாட் படையதிகாரிகள் முதலியோரின் செல்வாக்கு இதனால் வலுப்பெற்றது. முதியோருக்கு இந்நிகழ்ச்சிகள் இன்றியமையாதனவாக இருந்தமையும் உண்மை. 1996ஆம் ஆண்டின் நலன்புரிச் சட்டம் குடியுரிமையற்றோரின் உதவிப்பணத்தைப் பறிக்க முற்பட்டபோது, ஆங்கிலம் அறியாத முதியோர் அச்சட்டத்தின் பொருளைச் செவிவழியாகவன்றி வேறெவ்வாறு அறிந்திருக்க இயலும்?

பெரும்பான்மையோரின் வானொலியில் அவர்கள் பெற்ற இடத்தையும் நோக்கவேண்டும். 1998இல் இரட்டை நகரங்களின் செல்வாக்குமிக்க வணிக நிலையமொன்றின் காலை நிகழ்ச்சி ஹ்மொங் மக்களை இழிவுபடுத்திப் பேசியது. மாதக்கணக்கான எதிர்ப்பின் பின்னரே நிலையம் மன்னிப்புக் கோரியது. அதனை அசைத்தது நியாயத்தைவிட, விளம்பரதாரர் சிலர் விலகிக்கொண்டமையே எனலாம். 2011இல் வேறொரு நிலையம் கேலிப்பாட்டொன்றை ஒலிபரப்ப, அதே போராட்டம் மீண்டும் நிகழ்ந்தது.

இதற்கிடையில் புலம்பெயர்ந்தோரின் குரல் எதிர்த்திசையிலும் பயணஞ்செய்தது. கலிபோர்னியாவிற் குடியேறிய ஹ்மொங் போதகரொருவர் ஒலிப்பதிவு செய்த கிறித்துவ நிகழ்ச்சிகள் மணிலாவிலிருந்து சிற்றலையில் ஒலிபரப்பப்பட்டு, 1980களின் பிற்பகுதியில் வட வியட்நாமின் மலைகளிற் கேட்கப்பட்டன. போதகரைக் கண்ணாற் காணாமலே ஆயிரக்கணக்கானோர், காலப்போக்கில் இலட்சக்கணக்கானோர், மதம் மாறினர். இதனை ஏகாதிபத்தியச் சதி என ஒதுக்கிவிடல் எளிது. ஆனால் மீட்பர் ஒருவர் வருவார், தமக்கெனவும் ஓர் அரசு அமையும் என்னும் எதிர்பார்ப்பு அம்மக்களிடையே முன்னரே நிலவியது. வறுமையும் புறக்கணிப்பும் நிலவிய மலைகளில் தாய்மொழியில் வந்த குரல் அவ்வெதிர்பார்ப்பின்மீதே விழுந்தது.

வானொலி, கேட்போரையும் பேசச்செய்யும் கருவியாக மாறவேண்டும் என 1932இல் பிறெக்ற் வாதிட்டார். அவர் எண்ணிப்பாராத வடிவில் அது ஹ்மொங் மக்களிடையே நிறைவேறியுள்ளது. தொலைபேசிக் கூட்டு அழைப்பு வசதியை அவர்கள் வானொலியாக்கினர். நூற்றுக்கணக்கானோர் ஒரே எண்ணை அழைத்துக் கேட்பர், விரும்பியோர் பேசுவர். தொழிற்சாலை வேலையின்போதும் தையலின்போதும் காதிற் செருகிய கருவியிற் கேட்கலாம், படிக்கத் தெரியவேண்டியதில்லை. லோரி லோப்பெஸ் என்னும் ஆய்வாளர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். அழைப்போருக்கு இது இலவசம். எனினும் அவ்விலவசத்தின் பின்னாலும் ஒரு கணக்கு உண்டு. உள்வரும் அழைப்புக்காக நெடுந்தூரத் தொலைபேசி நிறுவனங்கள் கிராமப்புறத் தொலைபேசி நிறுவனங்களுக்குக் கட்டணம் செலுத்தின. அதிற் பங்குபெற்றே கூட்டழைப்புச் சேவைகள் நடந்தன. 2019இல் அரசு இதனைக் கட்டுப்படுத்த விதி வகுத்தது.

இவ்வடிவத்தின் பயனைப் பெரிதும் கைக்கொண்டோர் பெண்கள். விலைக்கு வாங்கிய நேரத்தில் குலத்தலைவரும் விளம்பரதாரரும் கேட்டுக்கொண்டிருக்கப் பேசவியலாத செய்திகளை, அதாவது குடும்ப வன்முறை, பலதார மணம், அமெரிக்காவிலிருந்து லாவோஸுக்குச் சென்று இளம் பெண்களை மணந்துவரும் ஆண்கள் ஆகியவற்றை, அவர்கள் முகங்காட்டாக் குரல்களாக இங்கு பேசினர். தான் தனித்தவள் என நினைத்திருந்தவள், தன் கதையை வேறொரு நகரத்துப் பெண்ணின் வாயாற் கேட்டாள். ஆயினும் இணைப்பில் எவர் குரலைத் திறப்பது, எவர் குரலை அடைப்பது என்பதை நிகழ்ச்சி நடத்துபவரே தீர்மானிக்கிறார்.