ஐந்து ஷில்லிங்குக்காக ஒரு சீட்டு

1851 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று அயர்லாந்தின் குடும்பங்களிடம் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் கேட்டது. பெயர், வயது, எழுதப் படிக்கத் தெரியுமா, கல்யாணமான ஆண்டு எது. அதிலேயே இன்னொரு பட்டியலும் இருந்தது: முந்தைய கணக்கெடுப்பு நாளான 1841 ஜூன் 6க்குப் பிறகு இந்த வீட்டில் இறந்தவர்கள் யார், எப்போது, எதனால்? உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த பத்தாண்டு அது. 81 லட்சத்துக்கு மேலிருந்த ஜனத்தொகை 65 லட்சமாகியிருந்தது. குடும்பமே அழிந்த வீட்டில் படிவத்தை நிரப்ப ஆளில்லை.

எண்ணி முடித்ததும் அந்தத் தாள்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பின்னாளில் டப்ளினில் லிஃபி ஆற்றங்கரை ஓரம், ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்து, 13ஆம் நூற்றாண்டுத் தோல் சுருள்களோடு சுருள்களாக உறங்கின.

1909 ஜனவரியில் அவற்றைத் தட்டி எழுப்பியது முதியோர் பென்ஷன். எழுபது வயதானால் வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைக்கும். வயதுக்கு அத்தாட்சி? அங்கே பிறப்புகளை எல்லாருக்குமாகப் பதியத் தொடங்கியதே 1864இல்தான். 1839 ஜனவரி 6ஆம் தேதி அடித்த ‘பெருங்காற்று’ நினைவிருக்கிறதா என்று கேட்டு வயதை நிதானித்த கதைகள் அந்நாட்டில் ஏராளம். பென்ஷன் என்றால் யாருக்குத்தான் காற்று நினைவு வராது! எனவே பழைய கணக்கைப் புரட்டினார்கள். அப்பா அம்மா பெயர், ஊர், மாவட்டம் எழுதி விண்ணப்பித்தால், குமாஸ்தா 1841, 1851 படிவங்களில் தேடி, அந்தக் குடும்பத்தைக் கண்டதும் விவரத்தைச் சீட்டில் எடுத்தெழுதுவார். சரித்திரத்துக்காக யாரும் அதைச் செய்யவில்லை.

காப்பகத்தைக் கட்டியவர்கள் நெருப்புக்குப் பயந்தவர்கள். ஆட்கள் புழங்கும் வாசிப்பறைக் கட்டடத்தில் தீப்பிடித்தாலும் ஆவணக்கூடத்துக்குப் பரவாதபடி இரண்டையும் தனித்தனியாகப் பிரித்திருந்தார்கள். ஆவணக்கூடத்துக்குள்ளேயே வெடிமருந்து வந்து உட்காரும் என்று அவர்கள் எப்படி நினைத்திருப்பார்கள்? 1922 ஏப்ரலில், இங்கிலாந்தோடு செய்த உடன்படிக்கையை ஏற்காத குடியரசுப் படையினர் வளாகத்தைப் பிடித்தார்கள். ஜூன் 28 விடியுமுன், பிரிட்டிஷாரிடம் இரவல் வாங்கிய பீரங்கிகளால், உடன்படிக்கையை ஏற்ற அயர்லாந்தின் தற்காலிக அரசு சுட ஆரம்பித்தது. ஜூன் 30 நண்பகல் வாக்கில் பெரும் வெடிப்பு. கண்ணி வைத்தார்களா, தீ தானாக வெடிமருந்தை எட்டியதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. யார் வைத்தால் என்ன, ஏழு நூற்றாண்டுக் காகிதம் போயிற்று. கருகிய துண்டுகள் நகரமெங்கும் பறந்தன. சில, கடலோர ஹௌத் வரை போய் விழுந்தன. நெருப்புக்காகக் கட்டிய தடுப்பு அன்றும் தன் வேலையைச் செய்தது: வாசிப்பறை தப்பித்தது.

பழியை முழுக்கப் போரின் தலையில் போடவும் முடியாது. 1861, 1871 கணக்கெடுப்புப் படிவங்களை அரசே முன்பே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போரின்போது கூழாகின. 1901, 1911 வேறிடத்தில் இருந்ததால் பிழைத்தன. அந்தக் காப்பகத்தில் என்னென்ன உண்டு என்று ஹெர்பர்ட் வுட் 1919இல் ஒரு கையேடு வெளியிட்டிருந்தார். மூன்றே ஆண்டில் அது என்னென்ன இல்லை என்பதன் பட்டியலாகிவிட்டது. உலகெங்கும் உள்ள நகல்களைத் திரட்டி டப்ளினின் டிரினிட்டி கல்லூரி முன்னின்று 2022இல் திறந்த இணையக் காப்பகத்துக்கு அடித்தளமே அந்தக் கையேடுதான்.

1851 படிவங்களில் ஆன்ட்ரிம் மாவட்டப் பகுதிகள் சில தவிர அதிகம் மிஞ்சவில்லை. பென்ஷன் சீட்டுகள் மிஞ்சின. இன்று அயர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவற்றை எடுத்துப் பார்க்கலாம். எரிந்த தாளில் இருந்த ஒரு குடும்பம், பெயரும் வயதுமாக, குமாஸ்தாவின் கையெழுத்தில் நிற்கும். ‘கிடைக்கவில்லை’ என்று எழுதி முடித்த சீட்டுகளும் அங்கே உண்டு. அவற்றின் மேற்பாதியில், ஐந்து ஷில்லிங் கேட்டு வந்த கிழவி சொன்னபடி, அவளுடைய அப்பா பெயரும் அம்மா பெயரும் ஊரும் இருக்கின்றன.