தூத்துக்குடியின் குடிநீரும் கழிவுநீரும்

தூத்துக்குடி நகரம் தாமிரபரணியின் கடைமடையில் இருந்து குடிநீர் பெறுகிறது. பொதிகை மலையில் பிறக்கும் இந்த ஆறு சுமார் 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அதன் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது திருவைகுண்டம்.

குடிநீர் வரவு

முத்துக்குளிப்பாலும் துறைமுகத்தாலும் வளர்ந்த தூத்துக்குடியில் 1866-இல் நகராட்சி அமைந்தது. நல்ல தண்ணீருக்கு மக்கள் நெடுங்காலம் தவித்தனர். நகர்மன்றத் தலைவர் குரூஸ் பர்னாந்தின் முயற்சியால் 1927-இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீர் குழாய்வழி வந்தது.

கழிவுநீர்ச் சிக்கல்

வீட்டுக்கு வரும் நீரில் பெரும்பகுதி கழிவுநீராக வெளியேறும். தூத்துக்குடியின் கழிவுநீர் பக்கிள் ஓடை வழியாகக் கடலை அடைந்தது. அந்தக் கடற்பகுதியின் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் 1986-இல் தேசியப் பூங்காவாயின. ஆற்றோர ஊர்களின் சாக்கடையோ தாமிரபரணியிலேயே கலக்கிறது. மேலூரார் விடும் கழிவு கீழூராரின் குடிநீருக்குள் வருகிறது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தும் இது தீரவில்லை.

சிற்றூர்களுக்கான வழி

சிற்றூர்களுக்குப் பெரிய ஆலை தேவையில்லை. முதல் தொட்டியில் கசடு அடியில் படியும். அடுத்து, ஆழமற்ற குளத்தில் பாசி வெளியிடும் ஆக்சிஜனைக் கொண்டு நுண்ணுயிரிகள் கரிமக் கழிவைச் சிதைக்கும். நாணல் வளர்ந்த சரளைப் படுகையும் இதே வேலையைச் செய்யும். படிந்த கசடை உரிய காலத்தில் அகற்றாவிட்டால் இவை பயன்படா. தெளிந்த நீரை மரங்களுக்குப் பாய்ச்சலாம்.

1927-இல் குழாய் வந்ததோடு வேலை பாதிதான் முடிந்தது. கழிவுநீரை அந்தந்த ஊரிலேயே சுத்திகரிப்பது மீதிப் பாதி.