காற்று கசிந்தால் பிஸ்டன் போச்சு! - டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் கதை

ராஜா அண்ணாமலைபுரம் தெருக்களில் இன்றைக்கும் எப்போதாவது ஒரு ஆர்எக்ஸ் 100 கடந்து போகும். சத்தத்தை வைத்தே வண்டி பெயரைச் சொல்லிவிடுவார்கள். 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. இன்னும் ஓடுகிறது என்றால் ஒரு முறையாவது என்ஜினை இறக்கி வேலை பார்த்திருப்பார்கள். அந்த வேலையில் பலர் தாண்டிப் போகும் ஒரு படி உண்டு. என்ஜினில் காற்று கசிகிறதா என்று சோதிப்பதுதான் அது.

இது ஏன் முக்கியம் என்று புரிய 19-ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். 1881-ல் டுகால்ட் கிளார்க் காப்புரிமை பெற்ற டூ ஸ்ட்ரோக் என்ஜினில், காற்றையும் எரிபொருளையும் தள்ளிவிடத் தனியாக ஒரு பம்ப் இருந்தது. பத்து வருடம் கழித்து இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே அந்தப் பம்பையே தூக்கிவிட்டார். கிராங்க் சுழலும் அறையே பம்ப் வேலையைச் செய்தது. பாகங்கள் குறைந்தன, விலையும் குறைந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. பம்ப் என்றால் காற்று கசியக் கூடாது! ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஆயில் சீல் போனால் ஆயில் ஒழுகும், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்கில் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் விகிதம் குறையும், சூடு ஏறும். பெட்ரோலோடு சேர்ந்து வரும் ஆயிலும் போதாமல் போகும். கடைசியில் பிஸ்டன் ஜாம்.

நம் நாட்டில் 1961-ல் மைசூரில் ஜாவா, 1980-ல் ஓசூரில் டிவிஎஸ் 50, 1984-ல் அதே ஓசூரில் இந்த்-சுசுகி, 1985-ல் எஸ்கார்ட்ஸ் தயாரித்த ஆர்எக்ஸ் 100 என்று வரிசையாக வந்தன. எல்லாமே டூ ஸ்ட்ரோக். ஸ்பேர் தாராளமாகக் கிடைத்த காலம். மெக்கானிக்குகள் சத்தத்தையும், புகையையும், பிளக்கின் நிறத்தையும் பார்த்தே கோளாறைச் சொன்னார்கள். ஜாம் ஆனால் ரீபோர் செய்து புது பிஸ்டன் போட்டார்கள்.

2000-க்குப் பிறகு புகைக் கட்டுப்பாடு இறுகியது. டிவிஎஸ் மொபெட்டே 2015-ல் எக்ஸ்எல் 100 ஆக ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியது. இன்று கம்பெனி சிலிண்டர் கிடைப்பது கஷ்டம். அதை எத்தனை முறை போர் செய்யலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு சின்ன ரப்பர் சீலை நம்பிப் பெரிய முதல் நிற்கிறது!

சோதனையோ எளிது. சைலன்சர் வாயை அடைத்து, பிளக்கை மாட்டி, கார்ப்பரேட்டர் இருந்த வழியாகச் சுமார் 5 பிஎஸ்ஐ காற்று ஏற்ற வேண்டும். டாக்டர்கள் பிபி பார்க்கும் மீட்டரும் பல்பும் இருந்தாலே போதும். அதில் 250-ஐத் தொட்டால் ஏறக்குறைய இதே அளவு. கம்ப்ரசர் வேண்டாம், அதிக அழுத்தத்தில் நல்ல சீலே பிதுங்கிவிடும். ஐந்தாறு நிமிடம் முள் ஏறக்குறைய அப்படியே நிற்க வேண்டும். வேகமாக இறங்கினால் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். சிலிண்டர் அடி பேக்கிங், கிராங்க் கேஸ் இணைப்பு, மேக்னட் பக்க சீல்... எங்கே குமிழ் வருகிறதோ அங்கேதான் கசிவு. வெளியே எங்கும் குமிழ் இல்லாமல் முள் மட்டும் இறங்கினால் கிளட்ச் பக்க சீல் மேல் சந்தேகம். அந்தப் பக்கம் கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வண்டி வெள்ளைப் புகை விடும்.

ஜோசப் டே விலையைக் குறைத்ததற்கு வைத்த நிபந்தனை இன்னும் மாறவில்லை. ஸ்பேர் மலிவாக இருந்தவரை அதை மீறினாலும் சமாளிக்க முடிந்தது. இனி முடியாது. ஐந்து நிமிடச் சோதனையைத் தாண்டிப் போனால், போவது திரும்பக் கிடைக்காத சிலிண்டர்.