புகையும் புற்றுநோயும்: ஒரு விவாதத்தின் வரலாறு

புகைப்பிடித்தல் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறதா என்ற கேள்வி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவ இதழ்களில் எழுந்து, பின்னர் நாளிதழ்கள், நாடாளுமன்றங்கள், நீதிமன்றங்கள் வரை சென்றது. இவ்விவாதத்தில் இருவகை ஐயங்கள் கலந்திருந்தன. ஒன்று, விடை கிடைத்தால் தீரும் ஐயம். மற்றொன்று, தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே பணம் கொடுத்து வளர்க்கப்பட்ட ஐயம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான், சான்றுகள் கிடைத்த பின்னும் சட்டங்கள் வர ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின என்பது விளங்கும்.

பின்னணி

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1922ஆம் ஆண்டில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 612 பேர். 1947இல் இந்த எண்ணிக்கை 9,287 ஆனது. எக்ஸ்ரே போன்ற வசதிகளால் நோய் முன்பைவிட எளிதாகக் கண்டறியப்படுகிறது, அதனால்தான் எண்ணிக்கை கூடுகிறது என்று சிலர் கருதினர். மோட்டார் வாகனப் புகையும் சாலைகளுக்கு இடும் தாரும் காரணமாக இருக்கலாம் என்றனர் வேறு சிலர். ஆண்களில் பெரும்பாலோர் புகைத்த காலம் அது. எல்லோரிடமும் இருந்த பழக்கத்தை நோய்க்குக் காரணமாக எண்ணுவது எளிதாக இல்லை. ஜெர்மனியில் 1939இல் ஃபிரான்ஸ் மியூலர் என்ற மருத்துவர் இத்தொடர்பைச் சுட்டிக்காட்டியிருந்தும், போர்ச் சூழலில் பிற நாடுகள் அதை அதிகம் கவனிக்கவில்லை.

1950: இரு ஆய்வுகள்

1950 மே மாதத்தில் அமெரிக்காவின் எர்ன்ஸ்ட் வைண்டர், இவார்ட்ஸ் கிரகாம் ஆகியோர் 684 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். செப்டம்பரில் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோரின் ஆய்வு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயுடன் இருந்த 649 ஆண்களை, வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த 649 ஆண்களுடன் அவர்கள் ஒப்பிட்டனர். புற்றுநோயாளிகளில் புகைக்காதவர் 2 பேர் மட்டுமே. மற்றவர்களில் 27 பேர். தாரின் மீது ஐயம் கொண்டு ஆய்வைத் தொடங்கிய டால், ஆய்வு நடக்கும்போதே தம் புகைப்பழக்கத்தை விட்டுவிட்டார். நெடுங்காலம் புகைத்துவந்த கிரகாம் 1957இல் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார்.

நோய் வந்த பிறகு பழக்கத்தைக் கேட்டறிவதில் பிழை நேரலாம். எனவே டாலும் ஹில்லும் 1951இல் முறையை மாற்றினர். பிரிட்டனின் 59,600 மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பி, அவர்களுடைய புகைப்பழக்கத்தை முதலில் பதிவு செய்துகொண்டனர். பிறகு யார் எந்த நோயால் இறக்கிறார் என்று கவனித்து வந்தனர். ஏறத்தாழ 40,000 பேரின் விடைகள் பயன்பட்டன. 1954இல் வெளியான முதல் அறிக்கையில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 36 பேர். அவர்களில் புகைக்காதவர் ஒருவரும் இல்லை. புகைக்கும் அளவு கூடக் கூட இறப்பு விகிதமும் கூடியது.

ஃபிஷரின் மறுப்பு

நவீன புள்ளியியலின் முன்னோடிகளில் ஒருவரான ரொனால்டு ஃபிஷர் இம்முடிவை ஏற்கவில்லை. இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து காணப்படுவதால் மட்டுமே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்பது அவர் வாதம். புகைக்கும் விருப்பத்தையும் புற்றுநோயையும் ஒரே மரபுப் பண்பு தரலாம் என்றார். புற்றுநோயின் தொடக்கநிலை எரிச்சலே ஒருவரைப் புகைக்கத் தூண்டலாம் என்றும் கூறினார். அவர் புகையிலை நிறுவனங்களின் அமைப்பு ஒன்றுக்கு ஆலோசகராக இருந்தார் என்பதும் பதிவாகியுள்ளது. எனினும் கேள்வி முறையானதே. அதற்கு விடை தேவைப்பட்டது.

1959இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் உடன் பணியாற்றியோரும் விடை அளித்தனர். புகைப்பவர்களுக்கு நோய் ஒன்பது மடங்கு வருகிறது எனில், அதை முழுமையாக விளக்கக்கூடிய மறைபண்பு புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு மிகுந்திருக்க வேண்டும். அத்தகைய பண்பு எதுவும் காட்டப்படவில்லை. மேலும், புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு ஆபத்து குறைந்தது. பழக்கத்தை விடுவதால் ஒருவரின் மரபுப் பண்பு மாறிவிடாது. கால் நூற்றாண்டில் இறப்புகள் பதினைந்து மடங்கு பெருகியதையும் மரபைக் கொண்டு விளக்க முடியாது.

விலைக்கு வாங்கிய ஐயம்

1953 டிசம்பரில் அமெரிக்கப் புகையிலை நிறுவனத் தலைவர்கள் நியூயார்க்கில் கூடி, ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தின் உதவியை நாடினர். 1954 ஜனவரி 4 அன்று நானூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் அவர்களுடைய கூட்டறிக்கை விளம்பரமாக வந்தது. மக்களின் உடல்நலமே தங்களுக்கு முதன்மை என்றும், ஆராய்ச்சிக்கு நிதி அளிப்பதாகவும் அதில் உறுதி கூறினர். ஆனால் பல ஆண்டுகள் கழித்து வெளிவந்த உள் ஆவணங்கள் வேறு கதை சொல்லின. ஐயத்தை உண்டாக்குவதே நம் சரக்கு என்ற பொருளில் 1969ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று பேசுகிறது. கார்ன்ஃபீல்டின் விடைக்குப் பின்னும் 'இன்னும் நிரூபிக்கப்படவில்லை' என்ற பேச்சு ஓயாததற்கு இதுவே காரணம். 1994இல் ஏழு நிறுவனங்களின் தலைவர்கள், நிகோடின் அடிமைப்படுத்துவதாகத் தாங்கள் கருதவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் கூறினர். இந்நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக மக்களை ஏமாற்றின என்று 2006இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார்.

அரசுகளின் நடவடிக்கை

1962இல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரியும், 1964 ஜனவரி 11 அன்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் லூதர் டெர்ரியும் வெளியிட்ட அறிக்கைகள் அரசுகளை அசைத்தன. 1965இல் பிரிட்டன் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்தைத் தடை செய்தது. 1966 முதல் அமெரிக்க சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கை வாசகம் இடம்பெற்றது.

இந்தியாவில் சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் 1975இல் இயற்றப்பட்டது. முரளி தேவ்ரா வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், பொதுப் போக்குவரத்து போன்ற இடங்களில் புகைக்கத் தடை விதித்தது. 2003இல் விரிவான சட்டம் வந்தது.

தமிழ்நாட்டு ஆய்வு

வேந்தன் கஜலட்சுமி, டாலுடன் பணியாற்றிய ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோர் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் நடத்திய ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வெளியானது. இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிருடன் இருந்த 35,000 ஆண்களின் பழக்கத்துடன் அது ஒப்பிட்டது. புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் விகிதம் புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. இங்கிலாந்தில் புற்றுநோயைப் பற்றி எழுந்த கேள்விக்கு, பீடியும் சிகரெட்டும் புகைக்கும் நம் ஊர்களில் காசநோய் என்ற கூடுதல் விடையும் கிடைத்தது.

ஐம்பதாண்டு முடிவு

1951இல் தொடங்கிய மருத்துவர் ஆய்வின் ஐம்பதாண்டு முடிவுகளை 2004இல், தம் 91ஆம் வயதில், டால் வெளியிட்டார். தொடர்ந்து புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். அறுபது வயதில் நிறுத்தியவர்கள் சுமார் 3 ஆண்டுகளையும், ஐம்பதில் நிறுத்தியவர்கள் 6 ஆண்டுகளையும், நாற்பதில் நிறுத்தியவர்கள் 9 ஆண்டுகளையும் மீட்டனர். முப்பது வயதிலேயே நிறுத்தியவர்கள் இழக்கவிருந்த பத்து ஆண்டுகளையும் ஏறத்தாழ முழுமையாகத் திரும்பப் பெற்றனர்.