பதவி பார்க்காத பதக்கம்: இந்தியப் போர்க்கள விருதுகள் கடந்து வந்த பாதை

1897 செப்டம்பர் 12 அன்று, வடமேற்கு எல்லையில் சாராகடி என்னும் சிறு காவல் அரணை 36ஆம் சீக்கியப் படைப்பிரிவின் 21 வீரர்கள் காத்து நின்றனர். ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்து தாக்கியபோதும் எவரும் பணியவில்லை. 21 பேரும் மாண்டனர். பிரிட்டிஷ் பேரரசின் தலையாய வீர விருதான விக்டோரியா கிராஸ் 1856 முதல் வழக்கில் இருந்தும், இந்தியச் சிப்பாய்கள் அதைப் பெற விதியில் இடமில்லை. அந்த 21 பேருக்கும் ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ விருதின் மூன்றாம் வகுப்பு வழங்கப்பட்டது.

அது 1837இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியச் சிப்பாய்களுக்கென்றே ஏற்படுத்திய விருது. மூன்று வகுப்புகள் கொண்ட அது, கூடுதல் ஊதியத்தையும் தந்தது. விக்டோரியா கிராஸுக்கு 19 ஆண்டுகள் மூத்தது. ஆனாலும் தனிப் பந்தியில் வைக்கப்பட்ட இலைதான்.

1911இல் அந்தத் தடை நீங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1914 அக்டோபர் 31 அன்று, பெல்ஜியத்தின் ஹோலபேக் களத்தில் சிப்பாய் குதாதாத் கான் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் இயக்கினார். உடனிருந்தோர் அனைவரும் மடிந்த பிறகும், காயம்பட்ட உடலோடு போரிட்ட அவரே விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய்.

இனத்தடை விலகினாலும் பதவித்தடை நீடித்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் 1942இல் காட்டிய துணிவுக்காகக் கேப்டன் சாம் மானெக்‌ஷா பெற்றது மிலிட்டரி கிராஸ். அது அதிகாரிகளின் பதக்கம். அதே முனையில் 1944இல் போரிட்ட கரம் சிங் பெற்றது மிலிட்டரி மெடல். அது சாதாரணப் படைவீரர்களுக்கானது. வீரம் ஒன்று, பதக்கம் இரண்டு.

இந்தப் பிரிவினையைக் குடியரசு இந்தியா முதல் நாளிலேயே துடைத்தெறிந்தது. 1950 ஜனவரி 26 அன்று பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா ஆகியவை நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுபடியாகும் என அறிவிக்கப்பட்டன. முப்படைகளில் எந்தப் பதவியில் இருப்பவரும் பெறலாம். 1947 நவம்பர் 3 அன்று பட்காமில் வீழ்ந்த மேஜர் சோம்நாத் சர்மா முதல் பரம்வீர் சக்ராவுக்கு உரியவரானார். 1948 அக்டோபர் 13 அன்று தித்வால் பகுதியில் அடுத்தடுத்து வந்த தாக்குதல்களை முறியடித்த லான்ஸ் நாயக் கரம் சிங்குக்கும் அதே பதக்கம்தான். மேஜரின் பதக்கமும் லான்ஸ் நாயக்கின் பதக்கமும் ஒரே அச்சில் வார்த்தவை.

அந்த அச்சை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, இந்தியராகவே வாழ்ந்த சாவித்ரி கானோல்கர். வஜ்ராயுதம் செய்யத் தன் எலும்பையே ஈந்த ததீசி முனிவரின் கதையிலிருந்து அவர் கருவை எடுத்தார். வெண்கல வட்டத்தில் நான்கு வஜ்ரங்கள், நடுவே அரசுச் சின்னம், ஊதா நாடா. அவ்வளவே.

இதுவரை பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் 21 பேர்; 14 பேருக்கு மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது. 1962 போரில் இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட மேஜர் தன் சிங் தாபா, சீனச் சிறையிலிருந்து உயிரோடு திரும்பினார். 1971இல் ஸ்ரீநகர் வானில் போரிட்டு மாண்ட நிர்மல்ஜித் சிங் செகோன், விமானப்படையின் ஒரே பரம்வீர்.

பகைவர் முன் அல்லாத துணிவுக்கென 1952இல் அசோக சக்ரா மூன்று வகுப்புகளாக வந்தது. 1967இல் அவை அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா எனப் பெயர் பெற்றன. இரு வரிசைகளையும் பிரிப்பது போர்ப் பிரகடனம் அன்று. எதிரி நேரே நிற்கிறானா என்பதே. அதனால்தான் காங்கோவில் ஐ.நா. பணியில் இறந்த குர்பச்சன் சிங் சலாரியாவுக்கும், 1987 நவம்பர் 25 அன்று இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதியில் இந்திய அமைதிப்படைப் பணியில் உயிர்நீத்த தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கும் பரம்வீர் சக்ரா கிடைத்தது. 2020 ஜூன் 15 இரவு கல்வானில் சீனப் படையினருடன் ஒரு குண்டும் சுடப்படாமல் நடந்த கைகலப்பில் உயிர்விட்ட ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டதும் இந்த அளவுகோலின்படியே.