கணிப்பொறியியல் துறையின் தோற்றமும் இயல்பும்

பல்கலைக்கழகத்திலே ஒரு புதிய துறை தோன்றுதல் எளிதன்று. கணிதம், வானநூல், மெய்யியல் என்பன நூற்றாண்டுகள் பல கடந்து வேரூன்றியவை. அவற்றின் நடுவே, ஒரு யந்திரத்தைச் சார்ந்து பிறந்த கணிப்பொறியியல் ஒரு தலைமுறைக் காலத்துள் தனக்கென ஓர் ஆசனம் பெற்றது. அஃது எவ்வாறு இயன்றது, அதனால் அத்துறைக்கு எய்திய இயல்புகள் யாவை என்பன ஆராயத்தக்கன.

முதற்கண் இது பிற துறைகளுக்குப் பணிபுரியும் நிலையமாகவே தோன்றியது. கேம்பிறிட்ஜில் 1937இல் நிறுவப்பட்ட கணித ஆய்வுகூடம் இதற்குத் தக்க சான்றாகும். அங்கே மொறிஸ் வில்க்ஸ் தலைமையில் அமைக்கப்பெற்ற எட்சாக் என்னும் கணிப்பொறி 1949 மே 6ஆம் நாள் முதன்முதலாகக் கணித்தது. புரதத்தின் அமைப்பை ஆராய்ந்து 1962இல் நோபெல் பரிசு பெற்ற ஜோன் கென்ட்ரூ தம் கணக்கீடுகளுக்கு அதனையே நாடினார். பிறர்க்கு உதவப் புகுந்தோர்க்குக் கற்பிக்குங் கடமையும் வந்து சேர்ந்தது. 1953இல் அவ்வாய்வுகூடம் இத்துறையில் டிப்ளோமாக் கல்வியைத் தொடக்கிற்று.

பிறந்த குடியின் சாயல் பிள்ளையிடத்துத் தோன்றுதல் போல, ஒவ்வொரு துறையும் தன் தாய்த்துறையின் இயல்பைப் பெற்றது. மான்செஸ்ரரில் 1948 ஜூன் 21ஆம் நாள் நினைவகத்தில் வைத்த கட்டளைகளைக் கொண்டு ஒரு யந்திரத்தை இயக்கிக் காட்டியோர் மின்பொறியியலாளர். அவருள் ஒருவரான ரொம் கில்பேண் தலைமையில் 1964இல் அங்குத் தனித்துறை எழுந்தபோது, யந்திரம் ஆக்கும் மரபு அதனுள் மேலோங்கி நின்றது. அமெரிக்காவிலோ, பேர்டியூவில் 1962இலும் ஸ்ரான்போட்டில் 1965இலும் எழுந்த துறைகள் கணிதத்தின் அரவணைப்பிலே வளர்ந்தவை. ஸ்ரான்போட்டின் முதல் தலைவர் ஜோர்ஜ் போர்சைத் எண்சார் பகுப்பாய்வில் வல்லவர்.

ஆயினும், ‘இயற்கைப் பொருளை ஆராய்வதன்றோ விஞ்ஞானம்? மனிதன் செய்த கருவியை ஆராய்தல் எங்ஙனம் விஞ்ஞானமாகும்?’ என அறிஞர் சிலர் ஐயுற்றனர். இவ்வையம் நிலைத்திருப்பின், கணிப்பொறி நிலையம் என்றும் பிற துறைகளின் பணியிடமாகவே எஞ்சியிருக்கும். 1967இல் நியூவெல், பேர்லிஸ், சைமன் என்னும் மூவர் இதற்கு விடை பகர்ந்தனர். தாவரம் உளதாகவே தாவரவியல் உளதாயிற்று. அவ்வாறே கணிப்பொறி உளதாகவே அதனைச் சூழ்ந்த நிகழ்ச்சிகளை விளக்கும் இயலும் உளதாம் என்பது அவர்தம் கருத்து. மறு ஆண்டில், கணிப்பொறி அறிஞரின் அமெரிக்கச் சங்கம் ஒன்று பல்கலைக்கழகங்களுக்கென ஒரு பாடத்திட்டத்தை வகுத்து வெளியிட்டது.

விடை கூறியோர் மூவராயினும், வழக்கை முடித்து வைத்தது காலமே. எட்சாக் 1958இல் நிறுத்தப்பட்டது. அந்த யந்திரத்தைக் கையாளும் முறையை மட்டும் கற்றோரின் கல்வி அதனோடு மாய்ந்திருக்கும். ஆனால், கட்டளைத்தொகுதியைச் சிறு கூறுகளாக வகுத்து, அக்கூறுகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என அங்கே கண்ட நெறி இன்றும் வழங்குகின்றது. யந்திரம் மாறியும் மாறாது நிற்கும் இத்தகைய நெறிகளே அத்துறையின் உண்மைப் பொருள்.

ஆகவே, ஒரு கணிப்பொறித் துறையை அதன் யந்திரங்களின் தொகையைக் கொண்டு மதித்தல் தகாது. பிற துறைகளுக்கு உதவும் மனமும், கணிதத்தின் நுட்பமும், பொறியியலாரின் செய்திறனும் ஒருங்கமைந்த துறையே சிறந்தது. இவற்றுள் ஒன்று குறையினும், யந்திரம் பழையதாகும்போது துறையும் உடன் பழையதாகிவிடும்.